வ-வில் தொடங்கும் பஸ்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். பத்து மாதமாகப் போனில்கூட விசாரிக்காதவர்கள் ஜூன் பிறந்ததும், "அருவியில தண்ணி எப்படி விழுது?" என்று கேட்பார்கள். அது தண்ணீரைப் பற்றிய விசாரிப்பு இல்லை என்பது சஃப்ரினுக்குக் கல்யாணமாகி வந்த முதல் வருஷமே புரிந்துவிட்டது. நன்றாக விழுகிறது என்று சொன்னால் வெள்ளிக்கிழமை பையோடு வந்து இறங்குவார்கள். குறைச்சலாகத்தான் விழுகிறது என்று சொல்லிப் பார்த்தால், அப்படியானால் கூட்டம் இருக்காது என்று வியாழக்கிழமையே வந்துவிடுவார்கள்.

இந்த வருஷம் ஜூலை பத்துக்குள் நாலு கோஷ்டி வந்து குளித்து, தின்று, ஈரத்துணியைக் கொடி முழுக்கக் காயப்போட்டு, காயாமலே சுருட்டிக்கொண்டு போயாகிவிட்டது. ஐந்தாவதாக வந்தவள் ஜாஹிரா பீவி. சஃப்ரினின் கணவன் சமீருக்கு மூத்த அக்கா, சஃப்ரினுக்கு மைனி, வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள், வயது நாற்பத்தேழு. வந்தது தனி ஆள்தான். ஆனால் இஞ்சி தட்டிப் போட்ட டீ மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வேண்டும், மீன் அன்றன்று வாங்கியதாக இருக்க வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மைனி புதன்கிழமை வந்தாள். சனிக்கிழமை விடிந்தும் ஊருக்குப் போகிற பேச்சையே காணோம்.

மற்ற நாளாக இருந்தால் சஃப்ரின் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். இந்த வாரம் முடியாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கல்வி வளர்ச்சி நாள். மேடையில், மைக்கில், எல்லாப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முன்னால் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம் ஒன்றை முழுசாக வாசித்துக் காட்டப் போகிறவள் அவள் மகள் முஹ்ஸினா. வகுப்பாசிரியை பொன்செல்வி மிஸ் நாற்பது பிள்ளைகளில் இவளைத்தான் பொறுக்கியெடுத்திருந்தார்.

அந்தப் பெருமை சும்மா வரவில்லை. முஹ்ஸினாவின் ஒன்றாம் வகுப்பு முழுக்கக் கொரோனாவில் போயிற்று. போனுக்குள் ஒரு டீச்சர் வாயசைப்பார், பிள்ளை அதற்கு முன்னால் உட்கார்ந்து முறுக்குத் தின்னும். மூன்றாம் வகுப்பில் பழைய பள்ளிக்கூடத்துக்காரர்கள், "உங்க பிள்ளை ரொம்பப் பின்தங்கியிருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்த சஃப்ரினுக்கு அன்றைக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவளே பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைத்தாள். சவூதியில் தம்மாமில் இருக்கும் சமீர் தினம் ஒரு வீடியோ கேட்பான். மகள் வாசிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப்போவான். அதே வீடியோவை சஃப்ரின் வகுப்பு வாட்ஸப் குழுவிலும் போடுவாள். அதைப் பார்த்துத்தான் பொன்செல்வி மிஸ் பெயரைக் கொடுத்தார். ஆக, திங்கட்கிழமை மேடை ஏறப்போவது மகள் மட்டும் இல்லை. சஃப்ரினின் இரண்டு வருஷ சாயங்காலமும் சேர்ந்துதான் ஏறுகிறது.

பாடத்தின் பெயர் 'தடைகளை வெல்வோம்'. வள்ளி என்று ஒரு மலைக்கிராமத்துப் பெண். முதல் பக்கத்தில் ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டாம் பக்கத்தில் பாலம் வெள்ளத்தில் போகிறது. மூன்றாம் பக்கத்தில் அப்பா ஆடு மேய்க்கச் சொல்கிறார். நாலாம் பக்கத்தில் டாக்டராகி அதே அப்பாவுக்கு ஊசி போடுகிறாள். சஃப்ரினுக்கு வள்ளியைக் கண்டாலே எரிச்சலாக வந்தது. ஆறாம் ஆறு! அவள் வீட்டில் ஒரு மைனி வந்து இறங்கி, புத்தகத்தை விரிக்கிற நேரமாகப் பார்த்து, "ஏ சஃப்ரின், எண்ணெய் கொஞ்சம் காய்ச்சித் தாட்டி, தலைக்குத் தேய்க்க" என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் தடை என்றால் என்னவென்று.

கேட்டுவிட்டாவது மைனி அந்தப் பக்கம் போவாளா என்றால் அதுவும் இல்லை. முஹ்ஸினா வாசிக்க உட்கார்ந்ததும் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்துவிடுவாள். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு பிள்ளையையே கண்கொட்டாமல் பார்ப்பாள். வியாழக்கிழமை, "ஏ சஃப்ரின், இவ இருக்காள்லா..." என்று ஏதோ ஆரம்பித்தாள். "மைனி, பத்து நிமிஷம் பேசாம இருங்க. அவளுக்குக் கவனம் போவுது" என்று சஃப்ரின் வாயை அடைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமையும் ஆரம்பித்தாள், வெள்ளிக்கிழமையும் அடைத்தாள். பிள்ளைக்குக் கண் பட்டுவிடப் போகிறதே என்ற பயம் வேறு. மைனி தூங்கிய பிறகு மிளகாயும் உப்பும் எடுத்து மகளுக்குச் சுற்றிப் போட்டாள்.

சனிக்கிழமை மைனிக்கு ஐந்தருவியில் குளித்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. ஆட்டோ பிடித்துக் குற்றாலம் போனார்கள். பெண்கள் வரிசை கார் நிறுத்துகிற இடம் வரை வளைந்து கிடந்தது. மேலே சாரல், கீழே சேறு, முன்னால் எண்ணெய் தேய்த்த முப்பது தலைகள். சஃப்ரின் ஒரு கையில் துணிப்பையையும் மறு கையில் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு வரிசையிலேயே பாடத்தை ஆரம்பித்தாள்.

"ஆற்றில் வெள்ளம் பெருகி வந்தது."

"ஆற்றில் வெள்ளம் பெருகி வந்தது," என்றாள் முஹ்ஸினா.

"வள்ளி அஞ்சவில்லை."

"வள்ளி அஞ்சவில்லை."

முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, "ஏதும் நாடகமாக்கா?" என்று கேட்டாள். சஃப்ரின் அடுத்த வரிக்குப் போனாள். அருவிக்குள் போய், அடி வாங்கி, நடுங்கி வெளியே வந்து, மைனிக்கு மிளகாய் பஜ்ஜியும் ஒரு கூறு மங்குஸ்தானும் வாங்கிக்கொடுத்து வீடு வந்து பையைத் திறந்தால் புத்தகம் ஈரத்துண்டோடு சுருண்டு கிடந்தது. சஃப்ரினுக்கு அழுகையே வந்துவிட்டது. அதை ஃபேனுக்கு அடியில் வைத்து, சுருங்காமல் இருக்க மேலே சப்பாத்திப் பலகையைத் தூக்கி வைத்தாள். பிறகு நேராக மைனியிடம் போய், "மைனி, நாளைக்கு ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல கூட்டம் இருக்காது. காலையில போனா மச்சானுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆவும்" என்றாள். இதற்கு மேல் மரியாதையாகப் போகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

மைனி சிறிது நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிட்டி, போறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். வெறுங்கையோடு அனுப்பினால் சமீர் தம்மாமிலிருந்து குதிப்பான். ஆகவே சஃப்ரின் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கக் கடைக்குப் போனாள். "மாமியைக் கூட்டிட்டுப் போயி வாசுதேவநல்லூர் பஸ் எங்கன நிக்குன்னு போர்டைப் பார்த்து ஏத்திவிடு" என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். மேடையில் நாலு பக்கம் வாசிக்கப் போகிறவளுக்கு ஒரு போர்டு எம்மாத்திரம்? சிப்ஸ் சூடாகப் பொட்டலமாகி வருவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. சஃப்ரின் ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை மைனி மடியில் போட்டாள். மைனி கையை ஆட்டினாள். பஸ் வாசலைத் தாண்டித் திரும்பியதும் சஃப்ரின், "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் என்ன அமைதி! யாரும் டீ கேட்கவில்லை. நாலு நாளில் முதல் தடவையாக மிக்ஸி ஓடவில்லை. சஃப்ரின் போனை எடுத்து, மகளை வெளிச்சத்தில் உட்கார வைத்து, புத்தகத்தைக் கொடுத்தாள். பலகை வைத்த புண்ணியத்தில் அட்டை விறைப்பாகக் காய்ந்திருந்தது.

"முதல்ல இருந்து கடைசி வரை நிறுத்தாம வாசி. நாளைக்கு வாசிக்கிற மாதிரியே. வாப்பாவுக்கு அனுப்பணும்."

முஹ்ஸினா ஆரம்பித்தாள். குரல் கணீரென்று இருந்தது. மதரஸாவில் ஓதுவதில் அவள்தான் கெட்டி. ஒரு தடவை காதில் விழுந்தால் அப்படியே திருப்பிச் சொல்லுவாள். நாற்பதாம் பக்கம் முடிந்தது, நாற்பத்தொன்று முடிந்தது. பக்கத்தைத் திருப்பினாள். ஏற்ற இறக்கம் மாறாமல், விரல் வரி வரியாக நகர, வாசித்துக்கொண்டே போனாள். சஃப்ரின் போன் திரையில் அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்தின் ஓரத்தில் இருந்த படம் கண்ணில் பட்டது. ஆடு மேய்க்கிற படம் அங்கே இருக்க வேண்டும். அது இல்லை. அங்கே கட்டம் கட்டமாக ஏதோ இருந்தது.

சஃப்ரின் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். நாற்பத்திரண்டும் நாற்பத்துமூன்றும் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்திருந்தன. திறந்திருந்தது நாற்பத்துநாலாம் பக்கம். பயிற்சிக் கேள்விகள். முஹ்ஸினா அதைப் பார்த்துக்கொண்டு நாற்பத்திரண்டாம் பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து. இப்ப எந்த வரி வாசிச்சே? காட்டு."

விரல் கொஞ்சம் தடவி, 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்பதன்மேல் நின்றது. "இங்கன."

"என்ன போட்டிருக்கு?"

"வெள்ளம் வடிந்ததும் வள்ளி மறுகரைக்கு ஓடினாள்."

சஃப்ரின் முதல் பக்கத்துக்குத் திருப்பி நடுவில் ஒரு சொல்லைத் தொட்டாள். பாலம். "இது என்ன?" முஹ்ஸினா, "பா..." என்றாள். அதற்குமேல் புத்தகத்தைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கித் தாயின் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு சொல். மறுபடியும் முதல் எழுத்து, மறுபடியும் முகம். செய்தித்தாளைக் கொண்டுவந்து தலைப்பைக் காட்டினாள். முஹ்ஸினா எழுத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூட்டிச் சொல்ல வரவில்லை.

"ரெண்டு வருசமா என்னைய ஏமாத்துதியா? ஏட்டி, ரெண்டு வருசம்! ஒரு கல்யாணம் உண்டா, காட்சி உண்டா, உன் பக்கத்துலயே உட்கார்ந்து கெடந்தேனே!" சஃப்ரின் கை ஓங்கிவிட்டாள்.

முஹ்ஸினா அழவில்லை. அடிக்கு முகத்தை இடுக்கிக்கொண்டு, உண்மையிலேயே விளங்காதவளாகச் சொன்னாள்: "நான் ஏமாத்தல உம்மா. நீ சொல்லுவே, நான் சொல்லுவேன். அதுதான் வாசிக்கிறதுன்னு நெனச்சேன்."

ஓங்கிய கை எப்படி இறங்கியது என்று சஃப்ரினுக்கே தெரியாது. மகளைத் திட்டுவதற்கு நாக்கு வரை வந்திருந்த அத்தனையும் திரும்பித் தொண்டைக்குள் இறங்கிற்று. அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டே, "நான் சொல்லுதேன், பின்னால சொல்லு" என்று எத்தனை நாள் சொல்லியிருப்பாள்! வீடியோவில் பிள்ளை தடுமாறிவிடக் கூடாதே என்று போனுக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் எத்தனை நாள் வாயசைத்திருப்பாள்! கொரோனாவில் போனுக்குள் இருந்த டீச்சருக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் மைனி. முக்காட்டில் சாரல் துளி, இடுப்பில் பை, கையில் அதே சிப்ஸ் பொட்டலம், பாதி காலி.

"ஏட்டி முஹ்ஸினா! என்னைய எங்கன ஏத்திவிட்டே?"

சஃப்ரினுக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மைனி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"பஸ்ஸுல கூட்டம்னா கூட்டம். பொம்பளையளுக்கு இலவசம்லா, கண்டக்டரு ஊரு பேரும் கேக்கல, ஒண்ணும் கேக்கல, டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில திணிச்சுட்டுப் போயிட்டான். நானும் ஜன்னல் பக்கம் தலையைச் சாச்சுட்டேன். முழிச்சுப் பார்த்தா மலையைக் காணோம்! வாசுவுக்குப் போனா மலை இடப்பக்கமே கூட வரும்லா? எட்டிப் பார்த்தா, முதுகுக்குப் பின்னால கெடக்கு மலை. ஆஹா, ஏதோ தப்புன்னு இறங்குனா, சுரண்டை! பஸ்ஸு வீரகேரளம்புதூர் போவுதாம்!"

"நீளமா இருந்துச்சு மாமி," என்றாள் முஹ்ஸினா மெதுவாக. "வ-வுல ஆரம்பிச்சுச்சு."

சஃப்ரின் தலையில் கைவைத்தாள். வாசுதேவநல்லூர், வீரகேரளம்புதூர். இரண்டும் வ-வில் ஆரம்பிக்கும்; இரண்டும் போர்டு முழுக்க நீளும். "அவதான் சின்னப் பிள்ளை. மைனி, நீங்களாவது ஏறதுக்கு முன்னால போர்டைப் பாக்கக் கூடாதா?" என்று கத்தியேவிட்டாள்.

மைனி சிப்ஸ் பொட்டலத்தை மடித்து ஓரத்தில் வைத்தாள். "நான் என்னத்தட்டி பாக்க? எனக்கும் வ-வுக்கு மேல தெரியாதே."

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மைனி, "கண்ணாடியை மறந்துட்டேன், நீயே வாசி" என்பாள். மருந்துச் சீட்டு என்றாலும் கண்ணாடிதான். வாட்ஸப்பில் ஒரு வரி எழுதி அனுப்பியதில்லை. எல்லாம் பேசி அனுப்புவதுதான். மைனிக்குக் கண்ணாடியே கிடையாது என்பது சஃப்ரினுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"ரெண்டாங்கிளாஸ்ல சேர்ந்து மூணு மாசம் போனேன்," என்றாள் மைனி. "உன் மாப்பிள்ளை பொறந்தான். உம்மாவுக்கு உடம்பு முடியல, தொட்டில் ஆட்ட ஆள் இல்ல. அவன் நடக்கட்டும், அப்புறம் போலாம்னாவ. அவன் நடந்தான், ஓடுனான், காலேஜுக்கும் போனான். நான் போவல. அவங்கிட்ட இதைச் சொல்லாத, சங்கடப்படுவான்." சொல்லிவிட்டு முஹ்ஸினாவைப் பார்த்தாள். "மூணு நாளா இவளைப் பாக்கேன். எனக்குத் தெரிஞ்ச வித்தைதான் எல்லாம். இவ கண்ணு புத்தகத்துல இல்லட்டி. உன் வாயில இருந்துச்சு."

"ஏன் மைனி சொல்லல?"

"சொல்ல வந்தேன். ஒண்ணுக்கு ரெண்டு தடவை வந்தேன். பேசாம இருங்கன்னே. நீ பி.எஸ்ஸி. படிச்சவ, உனக்குத் தெரியாததையா நான் சொல்லிரப் போறேன்னு விட்டுட்டேன்."

சஃப்ரினால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போய் டீ போட்டாள். யாரும் கேட்காமலே இஞ்சி தட்டிப் போட்டாள்.

டீயைக் கொண்டு வரும்போது முஹ்ஸினா கையைப் பிடித்தாள். "உம்மா, நாளைக்கு ஒண்ணும் ஆவாது. நாலு பக்கமும் எனக்கு மனப்பாடம். விரலை மட்டும் சரியா நகத்திருவேன். யாருக்கும் தெரியாது."

சஃப்ரினுக்குள் ஒரு சபலம் எழுந்தது. பொய் சொல்வானேன், பலமாகவே எழுந்தது. நாளைக்கு ஒரு நாள். சமீர் தம்மாமில் அறைக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். பழைய பள்ளிக்கூடத்துக்காரர்கள் காதுக்கும் போகும். கைதட்டல் முடியட்டும், செவ்வாய்க்கிழமையிலிருந்து அ, ஆ-விலிருந்து ஆரம்பித்தால் ஆயிற்று. யாருக்குத் தெரியப்போகிறது?

"தெரியாதுதான்," என்றாள் மைனி, டீயை ஊதிக்கொண்டே. "எனக்கு நாப்பது வருசமா யாருக்கும் தெரியலல்லா."

சஃப்ரின் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பொன்செல்வி மிஸ்ஸைக் கூப்பிட்டாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் வெடித்தது.

"என்னம்மா விளையாடுதீங்களா? அழைப்பிதழ்ல பேரு அடிச்சாச்சு. உங்க வீடியோவ நம்பித்தானே ஹெச்.எம். கிட்ட சொன்னேன்? ஞாயித்துக்கிழமை மத்தியானம் போன் பண்ணி, பிள்ளைக்கு வாசிக்கவே தெரியாதுங்கீங்க. வேற பிள்ளைக்கு நான் எங்க போவேன்?"

சஃப்ரின் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஒரு வழியாக மிஸ் ஓய்ந்து, குரல் இறங்கி, "வகுப்புல எல்லாம் கூட்டமாத்தான் வாசிக்கும். நானும் அவளைத் தனியா எழுப்பி விட்டதில்ல" என்றார். பிறகு, "நாலு பக்கம் வேண்டாம். பிள்ளை பாக்காத பாடத்துல இருந்து நாலு வரி தாரேன். காலையில வந்ததும் வாங்கிக்கிடுங்க. நீங்க சொல்லிக்கொடுக்கக் கூடாது. அவளே வாசிக்கட்டும், எவ்வளவு நேரமானாலும் சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சமாதானமானாரா கோபம்தானா என்று சஃப்ரினுக்குப் பிடிபடவில்லை.

நாலு மணிக்கு மறுபடியும் பஸ் ஸ்டாண்ட். "இருந்துட்டு நாளைக்குப் போங்க மைனி" என்று இந்தத் தடவை மனசாரத்தான் சொன்னாள். மைனி கேட்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். போர்டை முஹ்ஸினா வாசிக்க வேண்டும், வாசித்தால்தான் ஏறுவாள்.

பஸ் வந்து நின்றது. முஹ்ஸினா அண்ணாந்து பார்த்தாள். "வா," என்றாள். வெகுநேரம் கழித்து, "சு," என்றாள். டிரைவர் இன்ஜினை உறுமவிட்டார். கண்டக்டர், "ஏறுங்கம்மா, வழியில நிக்காதீங்க" என்றார். முஹ்ஸினா, "தே..." என்று இழுத்து, திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"வாசுதேவநல்லூர்! வாசுதேவநல்லூர்! ஏறுங்க மைனி, பஸ்ஸு கிளம்புது!" சஃப்ரினை மீறி வாய் அலறிவிட்டது.

மைனி ஏறவில்லை. "உங்கிட்டயா கேட்டேன்?" என்றாள்.

"மைனி, இதை விட்டா இன்னும் முக்கால் மணி நேரம்!"

"இருக்கட்டும். நீ வாயை மூடு."

பஸ் போய்விட்டது. சஃப்ரினுக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று பேரும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து மிச்ச சிப்ஸைத் தின்றார்கள். முஹ்ஸினா எதிரில் நின்ற பஸ்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சிவகிரி மட்டும் பிடிபட்டது. பிடிபட்டதும் அவளுக்கே நம்பிக்கையில்லாமல் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த பஸ் ஐந்து மணிக்கு வந்தது. சஃப்ரின் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் வா என்று கேட்டது, சு என்று கேட்டது, தே, வ. நல் என்பதில் வெகுநேரம் நின்றது. சஃப்ரின் உதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் லூர் வந்தது. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே சொல்லாக, சத்தமாக வந்தது.

மைனி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டி, "இன்னொரு தடவை வாசிட்டி!" என்று கத்தினாள். முஹ்ஸினா பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடிக்கொண்டே வாசித்தாள். அப்படியும் மைனி விடவில்லை. "எதுக்கும் மலை இடப்பக்கம் வருதான்னு பார்த்துக்கிடுதேன்!" என்றாள்.

இருட்டுகிற நேரத்தில் சமீர் கூப்பிட்டான். வீடியோ எங்கே என்று கேட்டான். இன்றைக்கு வீடியோ இல்லை, இனிமேலும் கொஞ்ச நாளைக்கு இருக்காது என்றாள் சஃப்ரின். அவன் குதித்தான். ஏன், எதற்கு, பிள்ளைக்கு உடம்புக்கா என்றான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அக்காவின் தொட்டில் கதையை மட்டும் சொல்லாமல் விழுங்கினாள். அது சமீருக்குத் தெரிய வேண்டிய கதைதான். ஆனால் சொல்ல வேண்டியவள் மைனி.

திங்கட்கிழமை மேடையில் முஹ்ஸினாவின் பெயரைக் கூப்பிட்டபோது மணி பதினொன்று. மிஸ் கொடுத்த தாளில் நாலு வரி. முதல் வரியின் முதல் சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் யாரோ ஒரு பையன் சிரித்தான். பொன்செல்வி மிஸ் கையைப் பிசைந்துகொண்டு தூணோரம் நின்றார்.

முஹ்ஸினா தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடினாள். மூன்றாவது வரிசையில் தாயைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து அந்தத் தாளின் எழுத்து சஃப்ரினுக்குத் தெரியாது. ஆனாலும் வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. அவள் துப்பட்டாவை இழுத்து, மூக்குக்குக் கீழே அத்தனையையும் மூடி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண் மட்டும்தான் வெளியே இருந்தது, அதிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

முஹ்ஸினா சிறிது நேரம் பார்த்தாள். அங்கே வாய் இல்லை. அவள் தாளுக்குக் குனிந்து, முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.